தறிக்கொட்டகையும் மாட்டுக்கொட்டகையும்: விதித் தளர்வு கோரும் முறை

சங்கங்களின் ஆய்வுக்காகச் செல்லும்போது, பேரேடுகளைப் பார்த்து முடித்து எழுந்திருக்கும் வேளையில் அங்கத்தினர் சிலர் வாயிலோரம் காத்து நிற்பதுண்டு. முன்னர் அவர்கள் கேட்பது கடனைப் பற்றியோ நூல் வரவைப் பற்றியோ இருக்கும். சில ஆண்டுகளாக வேறொரு காகிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுகின்றனர். அனுமதியின்றிக் கட்டிய கொட்டகையை ஏன் அகற்றக் கூடாது என்று வினவும் அறிவிப்பு ஒன்று. அல்லது, விதிகளுக்கு இணங்காமையால் திருப்பப்படுகிறது என்ற ஒற்றை வரியுடன் மீண்டு வந்த கட்டிட மனு ஒன்று. தறி போடுவதற்கும் மாடு கட்டுவதற்கும்கூடச் சர்க்காரைக் கேட்க வேண்டுமா என்பதே அவர்களுடைய கேள்வி. கேட்கத்தான் வேண்டும். ஆயினும் எதை, யாரிடம், எவ்வாறு கேட்பது என்பதில் அநேகர் இடறுகின்றனர்.

கட்டிட ஒழுங்கு என்பது நகரத்தார் விவகாரம் என்று நம்மவர் எண்ணியதில் வியப்பில்லை. சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நகரமைப்புச் சட்டம் பெயரிலேயே நகரத்தை நோக்கியது. அதன் இடத்தில் வந்த 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் நாட்டுப்புறத்தையும் தன் பார்வைக்குள் கொண்டது. ஊராட்சிகளுக்கெனத் தனிக் கட்டிட விதிகள் 1997-இல் ஏற்பட்டன. பின்னர் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளியான தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகள், மாநகராட்சி முதல் சிற்றூராட்சி வரை யாவற்றையும் ஒரே தொகுப்பின்கீழ்க் கொணர்ந்தன. சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்க 2022-இல் அரசு ஆணையிட்டபோது, காஞ்சிபுரம், திருவள்ளூர், இராணிப்பேட்டை மாவட்டங்களில் தறியும் ஏரும் உள்ள ஊர்கள் பல அதனுள் அடங்கின.

நெசவாளர் தெருவைப் பார்த்தவர்களுக்கு இடர்ப்பாடு எங்கே பிறக்கிறது என்பது எளிதில் விளங்கும். மனைகள் அகலம் குறைந்தும் நீளம் மிகுந்தும் இருக்கும். ஒவ்வொரு தலைமுறையின் பாகப்பிரிவினையும் அகலத்தையே வகிர்ந்திருக்கும். பக்கத்து வீட்டுச் சுவரே நம் வீட்டுச் சுவர். விதிகளோ முன்னும் பின்னும் பக்கங்களிலும் இவ்வளவு திறந்தவெளி விடுக என்கின்றன. காற்றும் வெளிச்சமும் புகுவதற்கும், தீப்பிடித்தால் அண்டை வீடு தப்புவதற்கும் ஏற்பட்ட நல்ல விதிதான் அது. தொடர் கட்டிடப் பகுதி என்று ஏற்கப்பட்ட தெருக்களில் பக்க இடைவெளி விட வேண்டுவதில்லை. அவ்வாறு ஏற்கப்படாத தெருவிலோ, 16 அடி அகல மனையில் இருபுறமும் இடம் விட்டபின் எஞ்சுவது தறிக்குப் போதாது. பள்ளத்தறி என்பது மேசை நாற்காலிபோல் நகர்த்தி வைக்கும் பொருளன்று. மிதிக்குக் குழி வேண்டும். குழியில் நீர் ஊறாதிருக்க வேண்டும். துணி சுருளும் மரத்திலிருந்து பாவு கட்டும் இடம்வரை நீளம் வேண்டும். அறுந்த இழை கண்ணுக்குப் புலப்படும் அளவு பக்கவாட்டில் வெளிச்சம் வேண்டும். முன்புறம் விடும் வெளியை நெசவாளர் ஒருநாளும் வீணாக்குவதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பாவுக்குக் கஞ்சி போடும் விடியற்காலையில் தெருவின் நீளம் முழுவதும் அவருக்குத் தேவைப்படுகிறது. ஆகவே விதிக்கும் தறிக்கும் எல்லா இடத்திலும் பகையில்லை. பக்கச் சுவர் ஒன்றில்தான் இரண்டும் முட்டிக்கொள்கின்றன.

மனு எழுதுமுன், நம் குறை எவ்வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிதல் அவசியம். விதிக்கு உட்பட்டே கட்ட இடமிருந்தால் வேண்டுவது அனுமதி மட்டுமே. நிலத்தின் பயனே மாறுவதாயின் அது நில உபயோக மாற்றம்; அதற்கு வழி வேறு. சொந்த விளைச்சலை வைக்கும் கிடங்கும், உழவு மாடு கட்டும் கொட்டகையும் விவசாயத்தைச் சார்ந்தவை. விவசாய மண்டலத்தில் அவற்றுக்காக உபயோக மாற்றம் கேட்பது வேண்டாத வேலை. அதே நிலத்தில் எட்டு விசைத்தறிகளைப் போட்டுக் கூலிக்கு ஓட்ட நினைத்தால், அது தொழிற்கூடம். திட்டப் பகுதிக்குப் புறம்பான ஊர்களில் விளைநிலத்தை வேறு பயனுக்குத் திருப்புவதற்கெனச் சட்டத்தில் 47-அ பிரிவும், 2017-ஆம் ஆண்டு விதிகளும் உள்ளன. மூன்றாவது வகையே விதித் தளர்வு. பயன் விதிக்குப் பொருந்துகிறது. கட்டும் அளவோ இடைவெளியோ மட்டும் மனையின் அமைப்பினால் பொருந்தவில்லை என்னும் நிலை அது. இம்மூன்றையும் ஒரே மனுவில் கலந்து எழுதுவோரே மிகுதி. கலந்தெழுதிய மனு மேசைக்கு மேசை நகர்ந்து, ஒருவரும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாமல் கிடக்கும்.

நாம் அறிந்த ஓர் அங்கத்தினரின் நிகழ்ச்சியை இங்கே கூறுதல் தகும். பட்டு நெசவில் முப்பதாண்டுப் பழக்கமுள்ளவர். தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் தறிக்கூடம் ஒன்றுக்கு அலகு மதிப்பு 1,20,000 ரூபாய் என வைத்து உதவி வழங்கும் ஏற்பாட்டின்கீழ் அவர் பெயர் சங்கத்தின் பட்டியலில் இருந்தது. நத்தம் மனை; 16 அடி அகலம், 58 அடி நீளம். அவருடைய முதல் மனுவைப் பார்த்தோம். தாம் ஏழை, இரு பெண்களுக்குத் தகப்பன், தம் முன்னோரும் இவ்விடத்திலேயே நெய்தனர், ஆதலால் கருணை கூர்ந்து அனுமதிக்க வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். அத்தனையும் உண்மை. ஆனால் மனையின் அளவு ஓரிடத்திலும் இல்லை. எந்த விதியில், எத்தனை அடி தளர்வு வேண்டும் என்ற குறிப்பும் இல்லை. மனு திரும்பியது.

இங்கே நம்மவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அனுமதி தரும்போதோ மறுக்கும்போதோ திட்டக் குழுமம் எவற்றைக் கருத்திற் கொள்ள வேண்டும் என்று அச்சட்டத்தின் 49-ஆம் பிரிவு கூறுகிறது. எந்த நோக்கத்திற்காக அனுமதி கேட்கப்படுகிறது. அந்த நோக்கத்திற்கு அவ்விடம் ஏற்றதா. அப்பகுதியின் வருங்கால வளர்ச்சியும் பராமரிப்பும் என்னாகும் என்பவையே அவை. மனுதாரரின் வறுமை இவற்றுள் இல்லை. இது கல்நெஞ்சம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நாம் அவ்வாறு கருதவில்லை. கட்டிடம் கட்டினவரின் காலத்திற்குப் பின்னும் நிற்பது. வீடு கைமாறும், வறுமையும் ஒருநாள் மாறலாம், அண்டை வீட்டின் சன்னலை மறைத்த சுவரோ மாறாது.

விதித் தளர்வு என்னும் கருத்து வேரூன்றிய அமெரிக்க நாட்டிலும் இதே அளவுகோல்தான். நியூயார்க் நகரம் 1916-ஆம் ஆண்டு மண்டல விதிகளை வகுத்தபோதே, அவை சில மனைகளுக்குப் பொருந்தாமற் போகும் என்று உணர்ந்து, முறையீட்டுக் குழு ஒன்றுக்கும் இடம் வைத்தது. பின்னர் 1939-இல் அம்மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம், நிலத்தின் பயனையே மாற்றத் தளர்வு கேட்போருக்கு மூன்று சோதனைகளை வகுத்தது: விதிப்படியே பயன்படுத்தினால் அந்நிலம் நியாயமான பலன் தராது என்று காட்ட வேண்டும், அந்த இடர் ஊர் முழுமைக்கும் பொதுவானதாக இல்லாமல் அந்த மனைக்கே உரியதாக இருக்க வேண்டும், தளர்வினால் அவ்விடத்தின் இயல்பு கெடலாகாது. இவை நம் நாட்டுச் சட்டமல்ல. இடைவெளித் தளர்வுக்கு மனு எழுதுவோரும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள இவை உதவும்.

அந்த அங்கத்தினர் இரண்டாம் முறை மனு எழுதும்போது நாமும் உடனிருந்தோம். முதலில் வரைபடத்தையே மாற்றச் சொன்னோம். தறிக்கூடத்தை மனையின் பின்பகுதிக்குத் தள்ளி, ஒரு பக்கம் 3 அடி வெளி விட்டுப் பார்த்ததில், குழியும் தறியும் அடங்கின. எஞ்சிய முட்டுப்பாடு மற்றொரு பக்கச் சுவர் ஒன்றே. அச்சுவருக்கு அப்பால் அண்டை வீட்டாரின் பழைய சுவர் எல்லையிலேயே நின்றது. ஆகவே கேட்ட தளர்வு அந்தப் பக்கத்துக்கு மட்டும். மனையின் அளவுகள், இருபக்கத்து வீடுகளின் நிலை, எல்லையை ஒட்டிய சுவரில் சன்னல் வைப்பதில்லை என்னும் உறுதி, கூரை நீர் தம் மனைக்குள்ளேயே விழும் என்னும் உறுதி, அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதம், அவர் நெய்துவரும் அங்கத்தினர் என்பதற்குச் சங்கத்தின் சான்று ஆகியவற்றுடன் மனு சென்றது. இவ்வகைத் தளர்வைத் தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. எந்த நிலத்தையும் கட்டிடத்தையும் நிபந்தனைகளுடன் விதியிலிருந்து விலக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு அரசுக்கே கொடுத்திருக்கிறது. அதனால் காலதாமதம் தவிர்க்க முடியாதது. பதினொரு மாதங்களுக்குப்பின் உத்தரவு கிடைத்தது. அதற்குள் நிதியாண்டு முடிந்து, உதவித் தொகை பட்டியலில் அடுத்தவருக்குச் சென்றுவிட்டது. சங்கத்தில் கடன் பெற்றே அவர் கூடத்தை எழுப்பினார். முதல் மனுவிலேயே அளவுகளைக் குறித்திருந்தால் அத்தொகையும் கைக்கு வந்திருக்கும் என்று எண்ணும்போது வருத்தமே மேலிடுகிறது.

மற்றொரு நிகழ்ச்சியில் நம் பங்கு அவ்வளவு பெருமைக்குரியதன்று. கரும்பும் நெல்லும் பயிரிடும் அங்கத்தினர் ஒருவர், நான்கு கறவை மாடுகளுக்குச் செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையுமாகக் கொட்டகை கட்டிவிட்டு, அறிவிப்பு வந்தபின் நம்மிடம் வந்தார். பட்டாவைக் காட்டினார். புல எண்ணும் பரப்பும் சரியாக இருந்தன. விவசாயத்தைச் சார்ந்த கட்டிடந்தானே என்று துணிந்து, தளர்வுக்கு மனு எழுதிக் கொடுத்தோம். நாம் பட்டாவைப் பார்த்தோமே தவிரப் புலப்படத்தைக் கேட்டுப் பார்க்கவில்லை. நில அளவர் சங்கிலியுடன் வந்து நின்றபோதுதான் உண்மை வெளிப்பட்டது. கொட்டகையின் பாதி வாய்க்கால் புறம்போக்கில் நின்றது. நீர்வழியில் தளர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது; வாய்க்கால் அடைபட்டால் கடைமடைக்கு நீர் சேராது என்பதை விவசாயிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மனு தள்ளுபடியாயிற்று. தள்ளுபடியானதே நியாயம். ஆனால் நாம் மனு எழுதிக் கொடுத்த நம்பிக்கையில் அவர் அதற்குள் தரைக்குச் சிமிட்டியும் பூசியிருந்தார். அந்தச் செலவில் ஒரு பகுதி நம் கவனக்குறைவினால் விளைந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

புதிதாக மனை வாங்கினோருக்கு ஒரு வார்த்தை. அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவில் வாங்கிய மனைக்குக் கட்டிட அனுமதியே கிடைப்பதரிது. தளர்வு அதற்கடுத்த பேச்சு. 2016-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாளுக்கு முன் ஏற்பட்ட மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. தம் மனை அதில் அடங்கியதா என்று பத்திரத்தின் தேதியைப் பார்த்து அறிக. 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் 2,500 சதுர அடிவரையுள்ள மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்டுவோர் சுயசான்றின் பேரில் இணையவழியே உடனடி அனுமதி பெறும் வசதியும் உண்டு. அது முழுவதும் விதிக்குட்பட்ட குடியிருப்பு வீட்டுக்கே உரியது. தறிக்கூடத்தை வீடென்று எழுதி அவ்வழியே நுழைய முயல்வோர் பின்னால் வருந்துவர்.

சங்கக் காரியதரிசிகளுக்கு நம் வேண்டுகோள் ஒன்று. தறிக்கூட உதவிக்குப் பெயர் அனுப்பும் நாளிலேயே அந்த அங்கத்தினரின் பட்டா, புலப்படம், மனை அளவு மூன்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்தல் நலம். பட்டாவையும் புலப்படத்தையும் அரசின் இணையவழிச் சேவையிலேயே எடுத்துக்கொள்ளலாம். இடைவெளியில் முட்டுப்பாடு இருந்தால் அப்பொழுதே தெரிந்துவிடும். உதவித்தொகைக்கும் தளர்வுக்கும் ஒரே சமயத்தில் மனு போகும். மறுப்பு உத்தரவு வந்தால் அதில் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காரணத்தைப் பதிவு செய்யச் சட்டம் கடமைப்படுத்துகிறது. மேல்முறையீட்டுக்குக் காலவரம்பு உண்டாகையால் உத்தரவு கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்து வைக்க வேண்டும்.

மாட்டுக்கொட்டகை அங்கத்தினர் பழைய செங்கற்களைக் கொண்டே, வாய்க்காலுக்கு மேற்கே தம் புன்செய்த் துண்டில் இப்போது கட்டிவருகிறார். இம்முறை கடைகால் தோண்டுமுன் நில அளவரை அழைத்துக் கல் நட்டுவிட்டார்.