தபால்காரருக்கு எழுத்து தெரியாது

‘செல்லுக்குள் ஒவ்வொரு புரதத்துக்கும் பின்கோடு இருக்கிறதாமே, உண்மையா?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். குந்தர் புளோபெலுக்கு 1999-இல் நோபல் பரிசு கிடைத்தபோது பத்திரிகைகள் பரப்பிய உவமை அது. பாதிதான் உண்மை.

வரலாறு சுருக்கமாக: போகவேண்டிய இடத்துக்கான அடையாளம் புரதத்திலேயே இருக்கும் என்று 1971-இல் புளோபெலும் டேவிட் சபாட்டினியும் ஊகமாகச் சொன்னதற்கு 1975-இல் சோதனைச் சான்று கிடைத்தது. அவ்வளவு போதும்.

சுவையான இடம் இனிமேல்தான். சவ்வுக்குப் போகவேண்டிய புரதம் ரைபோசோமிலிருந்து நீளும்போதே, தண்ணீரோடு ஒட்டாத, எண்ணெய்ப் பசையுள்ள அமினோ அமிலத் துண்டொன்று தலைகாட்டும். எஸ்.ஆர்.பி. என்ற துகள் அதைக் கவ்விக்கொள்ளும். கவ்வும் பள்ளத்தில் மெத்தியோனின்கள் நிறைந்திருக்கின்றன. அவை வளைந்துகொடுப்பதால் பலவிதத் துண்டுகளும் பொருந்திவிடும். துகளின் மறுமுனை ரைபோசோமுக்குள் நுழைந்து புரத உற்பத்தியை மட்டுப்படுத்தும். பிறகு மொத்தக் கூட்டமும் எண்டோபிளாச வலை என்ற சவ்வமைப்பில் போய் ஒட்டிக்கொள்ள, புரதச் சங்கிலி ‘செக்61’ என்ற துளைக்குள் இறங்கும். அந்தத் துளைக்குப் பக்கவாட்டிலும் ஒரு கதவு! அது திறந்ததும் எண்ணெய்த் துண்டு சவ்வின் கொழுப்புக்குள் நழுவிவிடும்.

தபால் உவமைதான் வேண்டுமென்றால் முழுதாகச் சொல்வோம். கடிதத்தின் முதல் வரியை எழுதும்போதே தபால்காரர் ஓடிவந்து எழுதுபவரின் கையைப் பிடிக்கிறார். மேசை நாற்காலியோடு அவரைத் தபால்பெட்டிக்கு இழுத்துப்போய், மீதியைப் பெட்டியின் வாய்க்குள்ளேயே எழுதவைக்கிறார். முகவரியை அவர் வாசிப்பதில்லை. காகிதத்தில் பஜ்ஜி எண்ணெய்க் கறை இருந்தால் போதும்.

மிகையில்லை. ஈஸ்டில் இன்வர்டேஸ் என்ற நொதி இதே வலை வழியாகத்தான் வெளியேறுகிறது. 1987-இல் அதன் எண்ணெய்ப் பசையுள்ள அடையாளத் துண்டை நீக்கிவிட்டு, மனித டி.என்.ஏ.வில் கண்டபடி வெட்டியெடுத்த துண்டுகளை அங்கே பொருத்தினார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வேலை செய்தது.

நுழைந்துவிட்டால் மட்டும் போதாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு சி.எஃப்.டி.ஆர். புரதத்தில் 508-ஆவது அமினோ அமிலம் இல்லை. புரதம் வலைக்குள் சேர்ந்துவிடுகிறது; ஆனால் மடிப்பு பிசகுவதால் பெரும்பகுதி செல்பரப்பை எட்டாமலே அழிக்கப்படுகிறது. 2019-இல் அமெரிக்கா அனுமதித்த மும்மருந்துக் கூட்டில் இரண்டு மருந்துகள் மடிப்பைச் சீராக்குகின்றன. மூன்றாவது, செல்பரப்புக்கு வந்த புரதத்தின் கால்வாயைத் திறந்துவைக்கிறது. நல்ல மருந்துதான். ஆனால் மரபணுப் பிழை அப்படியே இருப்பதால் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். ‘நோய் ஒழிந்தது’ என்று தலைப்பு வந்தால் நம்பாதீர்கள்.