ஆலயத்தின் அழகும் ஏழையின் பசியும்

பெத்தானியாவிலே இயேசு பெருமான் பந்தியமர்ந்திருந்தபோது, பெண்ணொருத்தி விலையுயர்ந்த பரிமள தைலத்தைக் கொணர்ந்து அவரது திருமுடிமீது வார்த்தாள். அதன் விலை 300 தெனாரியத்துக்கும் மேலாகும். கூலியாள் ஒருவனின் நாட்சம்பளம் ஒரு தெனாரியமாயிருந்த காலம் அது. ஏறத்தாழ ஓராண்டின் உழைப்பு ஒரு நொடியில் வார்க்கப்பட்டது! அருகிருந்தோர் முகஞ் சுளித்தனர். அதனை விற்று ஏழைகளுக்கு ஈந்திருக்கலாகாதா என்றனர். பெருமானோ அவள் செய்ததை நற்செயலெனப் பாராட்டினார். கிரேக்க மூலத்தில் அவ்விடத்து வரும் 'கலோன்' என்னுஞ் சொல் நன்மையையும் அழகையும் ஒருங்கே குறிப்பதாகும். ஏழைகளுக்கு வேண்டும்போதெல்லாம் உதவலாம் என்பதையும் அவர் உடன் நினைவூட்டினார்.

அன்று எழுந்த வினா இன்றும் ஓயவில்லை. பங்குக் கோயிலுக்குப் புதிய பீடமோ வண்ணக் கண்ணாடியோ வேண்டுமெனப் பணந் திரட்டும்போதெல்லாம், 'இச்செலவு எதற்கு?' என்று ஒருவரேனும் கேட்கவே செய்கிறார். அவரைப் பக்தியற்றவரென ஒதுக்கிவிடுதல் முறையன்று.

12ஆம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்தின் பெருந்துறவியர் இருவர் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை கண்டனர். ஒருவர் கிளேர்வோ மடத்து அதிபரான அர்ச். பெர்நார்து. கோயிற் சுவர் பொன்னால் மின்ன, அதன் வாயிலில் வறியவன் ஆடையின்றி நிற்பதோ என்று 1125ஆம் ஆண்டளவில் அவர் வெகுண்டெழுதினார். பாமர மக்களின் பக்தியை வளர்க்கக் கண்ணுக்கினிய பொருள்கள் உதவக்கூடும். அனைத்தையுந் துறந்த துறவியருக்கு அவை எதற்கு என்பதே அவர் வாதம்.

மற்றவர் பாரிஸ் மாநகரையடுத்த சென் டெனி மடத்தின் அதிபர் சூஜே. அவருடைய பழைய கோயில் மிக ஒடுங்கியது. திருநாட்களில் நெரிசலிற் சிக்கிய பெண்கள் பட்ட அவதியை அவரே எழுதிவைத்துள்ளார். ஆகவே கோயிலை விரிவுபடுத்தினார். கூர்முனை வளைவுகளும் கல் விலாக்களும் கூரையின் பாரத்தைத் தாங்கியதால், கனத்த சுவர்களுக்குப் பதிலாகப் பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை அமைக்க முடிந்தது. 1144 ஜூன் 11ஆந் திகதி அபிஷேகஞ் செய்யப்பெற்ற அப்பகுதியே கோதிக் கட்டடக் கலையின் தொடக்கமெனப் போற்றப்படுகிறது. கண்ணாற் காணும் ஒளியின் வழியே மனித உள்ளம் காணாத மெய்யொளியை நோக்கி உயரும் என்பது சூஜேயின் நம்பிக்கை.

இவ்விருவருள் அழகை வெறுத்தவர் எவருமிலர். பெர்நார்து நிறுவிய போந்தனே மடத்தின் கோயில், 1147இல் அபிஷேகம் பெற்றது, இன்றும் நிலைத்திருக்கிறது. சித்திர வேலைப்பாடற்ற வெறுங் கல்லும், அதன்மேற் படியும் பகலொளியுமே அதன் எழில். பகட்டை நீக்கினார், அழகு நீங்கவில்லை.

ஆயினும் வாயிலில் நிற்கும் வறியவனுக்கு நாம் விடை சொல்லியாக வேண்டும். அதற்கு நம் நாட்டிலேயே ஓர் ஆலயம் துணை செய்கிறது. கண்டி திரித்துவக் கல்லூரிச் சிற்றாலயத்துக்கு 1923இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1935இல் அது அபிஷேகஞ் செய்யப்பெற்றது. செதுக்கிய கற்றூண்களும், பக்கங்கள் திறந்த மண்டபமும், கண்டிய முறையிலமைந்த கூரையுமாக நம் நாட்டு மரபிலேயே அது எழுந்தது. ஓவியர் டேவிட் பெயின்ரர் அங்கே தீட்டிய சுவரோவியங்களுள் ஒன்று, சீடரின் பாதங்களைப் பெருமான் கழுவுவதைக் காட்டுகிறது. மற்றொன்று, வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தாங்கியெடுத்த நல்ல சமாரியனைக் காட்டுகிறது.

அவ்வோவியங்களை நாள்தோறும் நோக்கிச் செபிக்கும் மாணவன், தெருவில் விழுந்து கிடப்பவனைக் கண்டும் காணாதவன்போற் கடந்து செல்லக் கூசுவானன்றோ? பெர்நார்து அஞ்சியது கண்ணை ஆலயத்துக்குள்ளேயே கட்டிப்போடும் அழகை. அயலான்பால் நம்மை அனுப்பிவைக்கும் அழகு வழிபாட்டின் ஓர் உறுப்பேயாகும். அடுத்த முறை ஆலயத் திருப்பணிக்கு நன்கொடை கேட்டு வருகையில், ஏழைகளின் உண்டியலும் உடன் வருகிறதா என்று நாம் கேட்போமாக. இரண்டும் சேர்ந்து வந்தால் இரண்டிலும் மனமுவந்து இடுவோம்.