லாகின் ஆன பிறகு

கோவிலம்பாக்கத்தில் ரேடியல் சாலையை ஒட்டிய ஃபிளாட்டில் இருந்தபடியே ஓ.எம்.ஆர். கம்பெனிக்கு வேலை பார்ப்பவர் காலையில் லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்டு போடுகிறார், போனுக்கு வந்த ஓ.டி.பி.யையும் தட்டுகிறார், வி.பி.என். உள்ளே விடுகிறது. பாதுகாப்பு என்றதும் நம் நினைப்பு பெரும்பாலும் இந்த வாசலோடு நின்றுவிடுகிறது. ஆனால் தட்டிய விரல் யாருடையது என்று சர்வருக்குத் தெரியாது. திருடிய பாஸ்வேர்டும் அதற்குச் சரியான பாஸ்வேர்டுதான். ஆகவே உள்ளே வந்தவர் எதுவரை போகலாம், போய் என்ன செய்தார் என்ற இரண்டு கேள்விகளில்தான் நெட்வொர்க்கின் பத்திரம் இருக்கிறது.

கூடங்குளத்தில் சைபர் தாக்குதல் என்று 2019-இல் பேச்சு எழுந்தபோது, தன் கணினியில் மால்வேர் புகுந்தது உண்மை என்று அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது நிர்வாக வேலைக்கான, இணையத் தொடர்புள்ள நெட்வொர்க்கில் இருந்த கணினி. முக்கியமான உள் நெட்வொர்க் தனியே பிரிக்கப்பட்டது, நிலையத்துக்குப் பாதிப்பில்லை என்பது கழகத்தின் விளக்கம். எல்லை வகுத்தது பலன் தந்திருக்கிறது. ஆனால் விஷயத்தைக் கவனித்து செப்டம்பர் 4 அன்று சொன்னது கழகத்துக்கு வெளியே இருக்கும், செர்ட்-இன் என்ற மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு. எல்லை எவ்வளவு பலமானாலும் கண்காணிக்க ஆள் வேண்டும்.

அந்தக் கண்காணிப்பின் கச்சாப்பொருள் லாக். யூசர் ஐ.டி., நேரம், ஐ.பி. முகவரி, அனுமதியா மறுப்பா என்று ஒரு வரி, அவ்வளவுதான். 9.02-க்குக் கோவிலம்பாக்கத்திலிருந்து நுழைந்த ஐ.டி. 9.10-க்கு வெளிநாட்டிலிருந்தும் நுழைந்தால் சந்தேகம் வர வேண்டும். ஒரு சர்வரின் கடிகாரம் பத்து நிமிடம் பின்தங்கினாலே இந்தக் கணக்கு குழம்பிவிடும். 2022 ஏப்ரல் 28-இல் வந்த செர்ட்-இன் உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொன்னதோடு கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்குப் பொருத்தச் சொன்னது காரணமில்லாமல் இல்லை.

இது ஊழியரை வேவு பார்ப்பதுதானே என்ற எதிர்ப்பைத் தள்ளிவிட முடியாது. திரையைப் படம் பிடிப்பதும் கீபோர்டு தட்டலை எண்ணுவதும் வேவுதான், சந்தேகமே இல்லை. எந்த ஃபைலை யார் எப்போது திறந்தார் என்ற பதிவு வேறு ரகம். பாஸ்வேர்டு களவுபோன நாளில் “நான் இல்லை” என்று சொல்ல ஊழியருக்குக் கைகொடுப்பதும் அதுவே. ஆனால் லாக்கை அழிக்கும் அதிகாரம் அட்மினிடமே இருந்தால் அந்த ஆதாரமும் போச்சு. அதனால்தான் விவரமான கம்பெனிகள் லாக்குகளை அவர் கை எட்டாத தனி சர்வருக்கு உடனுக்குடன் அனுப்பிவிடுகின்றன. ஒரே ஐ.டி.யை நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் சின்ன ஆபீஸ்களில் இவ்வளவு செய்தும் பிரயோஜனமில்லை. முதலில் ஆளுக்கொரு ஐ.டி. கொடுக்க வேண்டும்.