கெட்டிக்காரப் பிள்ளைக்கும் மனசு உண்டு!

"உங்கள் பையன் இரண்டு வகுப்பு தாண்டிப் படிக்க வேண்டியவன்" என்று ஆசிரியர் சொன்னால் எந்தப் பெற்றோருக்குத்தான் பூரிப்பு ஏற்படாது? ஆனால் அந்தப் பூரிப்பில் பலர் ஒன்றை மறந்து விடுகிறார்கள். மூளை வேகமாக வளரும் பிள்ளைக்கு மனசும் அதே வேகத்தில் வளர்வதில்லை.

ஏழு வயதுப் பையன், பன்னிரண்டு வயதுப் பையனின் கணக்கைப் போட்டு விடுவான். ஆனால், கேரம் ஆட்டத்தில் தோற்றால் ஏழு வயதுப் பிள்ளையாகத்தான் அழுவான். "இவ்வளவு தெரிந்தவன் இதற்கு அழலாமா?" என்று கடிந்து கொள்வது நியாயம் அல்ல. கணக்குப் போட்டது மூளை, அழுதது மனசு!

11 வயதில் கல்லூரி

அமெரிக்காவில் வில்லியம் சைடிஸ் என்ற சிறுவன், 1909-ம் ஆண்டு 11 வயதில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். அடுத்த ஆண்டே அங்குள்ள கணித அறிஞர்கள் முன் சொற்பொழிவு ஆற்றினான். பத்திரிகைகள் அவனை விடாமல் துரத்தின. தந்தை மனநூல் அறிஞர். மகனின் அறிவை ஊருக்கு எடுத்துக் காட்டினார்.

முடிவு என்ன? வளர்ந்ததும் சைடிஸ் கூட்டத்தைக் கண்டு ஒதுங்கினார். பெயர் வெளியே தெரியாத சாதாரண குமாஸ்தா வேலைகளைத் தேடிக் கொண்டார். டிராம் வண்டி டிக்கெட்டுகளைச் சேகரிப்பதில் காலம் கழித்தார். 1944-ல் 46 வயதில் இறந்தார்.

கும்பகோணத்து மாணவர்

நம் கணித மேதை ராமானுஜம் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கியதால் மற்றப் பாடங்களில் தவறினார். உதவித்தொகை பறிபோனது. 1905-ல், 17 வயதில், வீட்டில் சொல்லிக் கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். அதே ராமானுஜத்தைத்தான் 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

பரிசு வாங்கியே பழகிய பிள்ளைக்கு முதல் தோல்வி பேரிடி. அதை வந்து சொல்ல வீட்டில் ஒரு மடி வேண்டும்.

விளையாடத் துணை இல்லை

நியூயார்க்கில் இத்தகைய பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் லீட்டா ஹாலிங்வொர்த் அம்மையார். அவர் மறைந்த பிறகு 1942-ல் வெளியான நூலில் ஓர் உண்மை தெளிவாகிறது. அறிவு மிக மிகக் கூடுதலாக உள்ள பிள்ளைகளே அதிகத் தனிமையில் வாடுகிறார்கள். இவர்கள் விளையாட்டுக்கு நீளமாகச் சட்டதிட்டம் போடுவார்கள். மற்றப் பிள்ளைகள் சலித்துப் போய் விலகி விடுவார்கள். சாவு என்றால் என்ன, கடவுள் எங்கே என்றெல்லாம் சின்ன வயதிலேயே கேட்பார்கள். நாமோ, "அதிகப்பிரசங்கி" என்று வாயை அடைத்து விடுகிறோம்.

எதைப் பாராட்டுவது?

பாராட்டுவதிலும் கவனம் தேவை. 1998-ல் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் முல்லர், டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதனை நடத்தினர். "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள், அடுத்து எளிய புதிரையே விரும்பினர், தோற்றதும் துவண்டனர், மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் இவர்களில்தான் அதிகம். "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டப்பட்டவர்களோ, கடினமான புதிரைத் தேடிச் சென்றனர்.

மும்பையில் நம் பிள்ளைகள்

வீட்டில் தமிழ், தெருவில் இந்தியும் மராத்தியும், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிறார்கள் மும்பைத் தமிழ்ப் பிள்ளைகள். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் ஐந்து வயதிலேயே அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் குழந்தைகள் உண்டு. இது சாமர்த்தியம்தான். ஆனால் ரேஷன் கடை, பாங்கி, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அந்தக் குழந்தையையே முன்னால் நிறுத்தினால், பெரியவர்களின் கவலை முழுவதும் அதன் தலையில் ஏறிவிடும்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் ஓய்வு இல்லை. "மாமாவுக்கு அந்த வாய்ப்பாட்டைச் சொல்லிக் காட்டு" என்று ஆரம்பித்து விடுகிறோம். அத்தை மகனும் சித்தி மகளும் முகம் சுளித்து ஒதுங்குகிறார்கள். இழப்பு யாருக்கு?

பெற்றோர்கள் செய்ய வேண்டியது

* தினமும் சிறிது நேரம் மதிப்பெண் பேச்சு இல்லாமல் பிள்ளையுடன் பேசுங்கள்.

* அண்ணன், தம்பியோடு ஒப்பிடாதீர்கள். இருவர் மனமும் புண்படும்.

* எளிதில் வராத ஒன்றைக் கற்றுக் கொள்ளட்டும்: நீச்சல், மிருதங்கம், எதுவானாலும் சரி. தடுமாறி எழுவதும் ஒரு படிப்பே.

* கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "வா, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்லுங்கள்.

* பெண் பிள்ளைகள் தோழிகளுக்காகத் தங்கள் திறமையை மறைப்பதும் உண்டு. அதைக் கவனியுங்கள்.

* ஒத்த மனமுள்ள தோழர்கள் கிடைக்கும் இடம் தேடுங்கள். புனேயில் 1962-ல் தொடங்கப்பட்ட ஞானப் பிரபோதினி இத்தகைய பிள்ளைகளுக்காகவே உருவானது. வசதி இல்லாதவர்களுக்கு நூலகமும் சதுரங்கப் பலகையும் போதும்.

* பிள்ளை தூக்கம் கெட்டு, சாப்பாட்டை வெறுத்து, பேச்சைக் குறைத்தால் மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

மேதையாவதும் ஆகாததும் பிற்பாடு தெரியும். இன்று அது உங்கள் குழந்தை. தோற்றுவிட்டு வந்தாலும் அதற்குச் சோறும் அணைப்பும் குறையக்கூடாது.