இணைய எழுத்தும் ஊதியமும்

இதழில் கதையோ கட்டுரையோ வெளியான சில நாள்களில் அஞ்சல்காரர் பணவிடையோடு வீடு தேடி வந்த காலம் ஒன்று இருந்தது. தொகை சிறியதுதான், ஆயினும் இதழ்கள் அதனைக் கூலி என்று கூறாமல் 'சன்மானம்' என்றே குறிப்பிட்டன. அத்தொகை எங்கிருந்து வந்தது என்பதும் எழுதியவருக்குத் தெரிந்திருந்தது. இதழை விலை கொடுத்து வாங்கிய வாசகரும் அதில் விளம்பரம் செய்த வணிகரும் தந்த பணத்தில் ஒரு பங்கு அது.

இணையத்தில் நிலைமை வேறு. அங்குக் கட்டுரையைப் படிப்பவர் பெரும்பாலும் ஒரு காசும் தருவதில்லை. ஆயினும் எழுதியவருக்குப் பணம் கிடைக்கிறது; இணையத்தில் எழுதுவதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டோரும் உள்ளனர். படிப்பவர் தராத பணத்தை யார் தருகின்றனர்? எதற்காகத் தருகின்றனர்? இவ்வினாக்களுக்கு விடை அறியாமல் இத்துறையில் இறங்கியோர் பலர், கட்டுரைகள் குவிந்தும் வருவாய் குவியாத நிலையையே கண்டனர்.

விளம்பரம் தரும் பணம்

2003ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் 'ஆட்சென்ஸ்' என்னும் விளம்பரத் திட்டத்தைத் தொடங்கியது. இணையதளம் வைத்திருப்பவர் தம் பக்கத்தில் சிறிது இடத்தை விளம்பரத்திற்கு ஒதுக்குகிறார். பக்கத்திலுள்ள எழுத்தைக் கணினி நிரல் ஆராய்ந்து, அதற்குப் பொருத்தமான விளம்பரத்தை அவ்விடத்தில் வைக்கிறது. கிணற்று நீர் இறைக்கும் மோட்டாரைப் பற்றிய கட்டுரையின் ஓரத்தில் மோட்டார் விற்பவரின் விளம்பரம் தோன்றுவது இவ்வாறுதான். 2010ஆம் ஆண்டு அந்நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, இத்தகைய விளம்பரத்திற்காக வணிகர் 100 ரூபாய் தந்தால் அதில் 68 ரூபாய் தளத்தின் உரிமையாளருக்குச் சேர்ந்தது. அந்த 68 ரூபாயிலிருந்துதான் எழுத்தாளருக்குரிய பங்கு பிறக்கிறது.

விளம்பர இடத்தின் விலை ஏலத்தின் வழி உறுதி செய்யப்படுகிறது. காப்பீடு, வங்கிக் கடன், மருத்துவம், வழக்கு ஆகியன தொடர்பான பக்கங்களுக்கு வணிகர்கள் போட்டியிட்டு விலை கேட்கின்றனர். குறுந்தொகை பற்றிய நுட்பமான கட்டுரையையும் வீட்டுக்கடன் பற்றிய மேலோட்டமான கட்டுரையையும் ஒரே எண்ணிக்கையிலான வாசகர்கள் படித்தாலும், பின்னதே மிகுதியாக ஈட்டும். இதில் எழுத்தின் தரத்திற்கு இடமில்லை. இதைவிடக் கவலைக்குரியது ஒன்றுண்டு. எவற்றைப் பற்றி எழுதினால் வருவாய் மிகுதியோ, அவற்றைப் பற்றிய பிழையான செய்தியே மக்களுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும். குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்தின் அளவைத் தேடும் தாய்க்குக் கிடைக்கும் கட்டுரையை எழுதியவர், மருத்துவம் அறியாத ஒருவராகவும் இருக்கலாம்.

கட்டுரை ஆலைகள்

இவ்வுண்மையைத் தொழிலாக மாற்றிக் காட்டியது அமெரிக்காவின் 'டிமாண்ட் மீடியா' என்னும் நிறுவனம். 2006ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா மோனிகா நகரில் அது தொடங்கப்பட்டது. 'எதை எவ்வாறு செய்வது' என்று விளக்கும் கட்டுரைகளைக் கொண்ட 'ஈஹவ்' அதன் புகழ்பெற்ற தளமாகும்.

அந்நிறுவனத்தில் எழுத்தாளர் தலைப்பைத் தேர்ந்தெடுத்து எழுதவில்லை. கணினி நிரலே தலைப்புகளை உருவாக்கித் தந்தது. மக்கள் தேடுபொறியில் எச்சொற்களை இட்டுத் தேடுகின்றனர், அச்சொற்களுக்கு விளம்பரதாரர்கள் என்ன விலை தருகின்றனர், அப்பொருள் பற்றி ஏற்கெனவே எத்தனை பக்கங்கள் இணையத்தில் உள்ளன ஆகிய மூன்றையும் அந்நிரல் ஒப்பிட்டது. கட்டுரை எழுதப்படும் முன்னரே அது வாழ்நாள் முழுவதும் எவ்வளவு ஈட்டும் என்பது கணக்கிடப்பட்டது. அதன்பின் தலைப்பு பட்டியலில் இடம்பெறும். வீட்டிலிருந்தபடியே பணிபுரியும் ஒப்பந்த எழுத்தாளர் அப்பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வார். 2009ஆம் ஆண்டளவில் நாள்தோறும் ஏறத்தாழ 4,000 கட்டுரைகளும் காணொலிகளும் இவ்வாறு உருவாயின.

ஒரு கட்டுரைக்குப் பொதுவாக 15 டாலர் தரப்பட்டது. இத்தொகை நியாயமானதா என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 2009ஆம் ஆண்டு சூலை முதல் அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். ஒரு கட்டுரையை இரண்டு மணி நேரத்தில் முடிப்பவர் அவ்வளவை ஒட்டி ஈட்டுவார். நூல்களைப் பார்த்து, செய்தியைச் சரிபார்த்து, மூன்று மணி நேரம் உழைப்பவர் மணிக்கு 5 டாலரே பெறுவார். ஒப்பந்த எழுத்தாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. ஆதலின் பொறுப்புடன் எழுதியவர் இழந்தார். விரைந்து எழுதியவர் பிழைத்தார். எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. 2008ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் செய்தித்தாள்களில் வேலையிழந்த பலருக்கு, எழுதத் தெரிந்த கைக்குக் கிடைத்த அந்தச் சிறு தொகை வீட்டு வாடகைக்கு உதவியது.

வேறு சில தளங்கள் பார்வைகளின் எண்ணிக்கைக்கேற்பப் பணம் தந்தன. 2005ஆம் ஆண்டு தோன்றிய 'அசோசியேட்டட் கன்டன்ட்' தளம் ஆயிரம் பார்வைகளுக்கு ஒன்றரை டாலர் அளவில் வழங்கியது. அக்கணக்கில் 15 டாலர் பெறுவதற்கு ஒரு கட்டுரையைப் பத்தாயிரம் முறை மக்கள் திறந்து பார்க்க வேண்டும். 2010ஆம் ஆண்டு யாகூ நிறுவனம் அத்தளத்தை விலைக்கு வாங்கியது.

தேடுபொறியின் ஒரு முடிவு

2011ஆம் ஆண்டு சனவரியில் டிமாண்ட் மீடியாவின் பங்குகள் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தன. அன்று அந்நிறுவனத்தின் சந்தை மதிப்பு, நூற்றாண்டு கடந்த 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் நிறுவனத்தின் மதிப்பையே விஞ்சியது. உலகெங்கும் செய்தியாளர்களை வைத்திருந்த நாளிதழைவிட 15 டாலர் கட்டுரைகள் மதிப்பு மிக்கவை எனச் சந்தை கருதியது.

அக்கருத்து நெடுநாள் நிலைக்கவில்லை. அடுத்த மாதமே கூகுள், தரம் குறைந்த பக்கங்களைத் தேடல் முடிவுகளில் பின்னுக்குத் தள்ளும் மாற்றத்தைச் செய்தது. 'பாண்டா' என்று அதற்குப் பெயர். கருப்பு வெள்ளைக் கரடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அப்பணியில் ஈடுபட்ட பொறியாளர் ஒருவரின் பெயர் அது. அமெரிக்காவில் நிகழ்ந்த தேடல்களில் ஏறத்தாழ 12 விழுக்காட்டின் முடிவுகள் அதனால் மாறின. முதலில் அசோசியேட்டட் கன்டன்ட் போன்ற தளங்களும், ஏப்ரல் மாதத்தில் ஈஹவ் தளமும் வாசகர்களை இழந்தன. பார்வைகள் குறைந்ததும் விளம்பர வருவாய் குறைந்தது. எழுதுவதற்குத் தலைப்புகளும் குறைந்தன. நன்கு எழுதியவர், ஏனோதானோ என்று எழுதியவர் என்ற வேறுபாடின்றி அத்தளங்களை நம்பியிருந்த அனைவருக்கும் அடி விழுந்தது. 2014ஆம் ஆண்டு யாகூ அத்தளத்தை மூடியபோது, இலட்சக்கணக்கான கட்டுரைகள் இணையத்திலிருந்து அகற்றப்பட்டன.

பின்னர் வாசகரிடமே சந்தா பெறும் தளங்கள் வளர்ந்தன. 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மீடியம்' தளம், 2017 முதல் சந்தாத் தொகையில் ஒரு பகுதியை எழுத்தாளர்களுக்குப் பகிர்ந்தளித்தது. தொடக்கத்தில் வாசகர் தந்த கைதட்டல் குறிகளைக் கொண்டு பங்கு பிரிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து படிப்பதற்குச் செலவிட்ட நேரமே அளவுகோலாயிற்று. அளவுகோலை மாற்றியவர் எழுத்தாளர் அல்லர்.

தமிழில்

தமிழில் வலைப்பூக்கள் 2003ஆம் ஆண்டளவிலேயே எழுதப்பட்டன. ஆயினும் ஆட்சென்ஸ் திட்டத்தில் தமிழ் சேர்க்கப்பட்டது 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான். அதற்கு முன்னர் எழுதிய பலர் ஊதியம் கருதாமல் எழுதியோரே. தமிழ்ப் பக்கங்களுக்கு விலை கேட்கும் விளம்பரதாரர் ஆங்கிலப் பக்கங்களுக்கு இருப்பதைவிடக் குறைவு. ஆகவே பார்வைக்குக் கிடைக்கும் தொகையும் குறைவு. பெங்களூரில் 2014ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'பிரதிலிபி' போன்ற தளங்கள், சந்தா வழியே தமிழ்த் தொடர்கதை எழுதுவோருக்கு வருவாய் தருகின்றன. கட்டுரைக்கு அத்தகைய வாசகர் திரள் இன்னும் அமையவில்லை.

2022ஆம் ஆண்டு நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளிவந்தபின், கேட்ட தலைப்பில் நொடிப்பொழுதில் கட்டுரை எழுதும் வேலையை இயந்திரமே செய்கிறது. பிற பக்கங்களில் உள்ளதைச் சொல் மாற்றி எழுதுவதற்கு அன்று கிடைத்த 15 டாலரை இனி எவரும் தர வேண்டியதில்லை. தேடல் தரவரிசைக்காகவே பெருமளவில் உருவாக்கப்படும் பக்கங்களை, அவற்றை மனிதர் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், முறைகேடாகக் கருதுவதாக 2024ஆம் ஆண்டு மார்ச்சில் கூகுள் அறிவித்தது. வேதாரண்யத்து உப்பளத்திற்கு விடியலில் சென்று, பாத்தியில் உப்பு வாரும் பெண்ணிடம் கேட்டு எழுதிய செய்தி வேறு எப்பக்கத்திலும் இருக்காது. அதனைச் சொல் மாற்றி உருவாக்கவும் இயலாது. ஆனால் அதற்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு முழுநாளும் செலவாகும். விளம்பரக் கணக்கு இச்செலவை அறியாது.

எழுதியவருக்குரிய உரிமை

கட்டுரையை ஒரு தளத்திற்குத் தருவோர் பலரும் தொகையை மட்டுமே பார்க்கின்றனர். எதை விற்கிறோம் என்று பார்ப்பதில்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக அல்லாமல் தனித்து எழுதுபவரே தம் கட்டுரையின் முதல் உரிமையாளர். உரிமையைப் பிறருக்கு மாற்றித் தருவதாயின் அது எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு எனக் குறிப்பிடாவிடின் ஐந்து ஆண்டுகள் என்றும், எந்நாட்டிற்கு எனக் குறிப்பிடாவிடின் இந்தியாவிற்கு மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ஆதலால் 'எல்லா உரிமைகளும், எல்லா நாடுகளிலும், எக்காலத்திற்கும்' என்னும் ஒற்றை வரி ஒப்பந்தத்தில் உள்ளதா என்று தேடிப் பார்த்தல் நன்று. உரிமையை விற்றுவிட்ட பின்னரும் 'இதை எழுதியவர் யான்' என்று கோருவதற்கு அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு இடமளிக்கிறது.

பதினெட்டு வயது நிறையாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் இந்தியச் சட்டப்படி செல்லாது. ஆட்சென்ஸ் கணக்கு தொடங்குவதற்கும் அவ்வயதே வரம்பு. அதனால் மேல்நிலை வகுப்பு மாணவர் ஒருவரின் கட்டுரைக்குப் பணம் தருவதாக ஒரு தளம் முன்வந்தால், பெற்றோரே ஒப்பந்தத்தைப் படித்துக் கையொப்பமிட வேண்டியிருக்கும். பதிப்புரிமைக்கு அத்தகைய வயது வரம்பு இல்லை. எங்கும் பதிவு செய்யாவிடினும், எழுதி முடித்த அளவிலேயே அது மாணவருக்கு உரியதாகிறது. அவர் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது.