ராட்லர்: பாதி பீர், பாதி சோடா, ஒரு சந்தேகமான கதை

ஆராய்ச்சி வேலையாக ம்யூனிக்கில் தங்கியிருந்தபோது முதல் கோடையிலேயே ஒட்டிக்கொண்ட ஜெர்மன் வார்த்தை 'ராட்லர்'. சைக்கிள் ஓட்டுகிறவர் என்று அர்த்தம். பீர்த் தோட்டத்தில் போய் அதைக் கேட்டால் சைக்கிள் வராது; பாதி பீரும் பாதி எலுமிச்சைச் சோடாவும் கலந்த ஒரு குவளை வரும். அங்கே 'லிமோனாடெ' என்பது நம்ம ஊர் எலுமிச்சை ஜூஸ் இல்லை. காஸ் ஏற்றிய, நன்றாக இனிக்கிற சோடா.

பெயர்க்காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். 1922 ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. ம்யூனிக்குக்குத் தெற்கே டைசன்ஹோஃபனில் ஃப்ரான்ஸ் சேவர் குக்லர் என்பவரின் விடுதிக்கு 13,000 சைக்கிள்காரர்கள் வந்து இறங்கினார்களாம். பீர் தீரப் போகிறது. விற்காமல் கிடந்த லிமோனாடெயை எடுத்து பாதிக்குப் பாதி கலந்தார். சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள் தள்ளாடக் கூடாது என்பதற்காகவே நான் தயாரித்தது என்று ஒரு போடு போட்டார்.

நல்ல கதைதான், ஆனா கணக்கு இடிக்குது. ஆளுக்கு அரை லிட்டர் என்று வைத்தாலும் 6,500 லிட்டர். அதில் பாதி, 3,250 லிட்டர் லிமோனாடெ. விற்காத சரக்கை இவ்வளவு யார் அடுக்கி வைத்திருப்பார்கள்? அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. லேனா கிறிஸ்ட் என்ற பவேரிய எழுத்தாளர், தன் அம்மா நடத்திய விடுதியில் வேலை பார்த்து வளர்ந்தவர், 1912-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் 'ராட்லர்மாஸ்' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. 'மாஸ்' என்றால் ஒரு லிட்டர் குவளை. குக்லருக்குப் பத்து வருஷம் முன்னாடியே இந்தப் பானம் புழக்கத்தில் இருந்திருக்கிறது. இங்கிலாந்தில் பீரோடு இஞ்சி பீர் கலந்த 'ஷாண்டிகாஃப்' அதற்கும் பழசு, 19-ஆம் நூற்றாண்டு. ஷாண்டி என்ற பெயர் அதன் சுருக்கம்தான்.

ஆனால் கதையில் வரும் அந்தத் 'தள்ளாடாமல்' என்ற வார்த்தையைத்தான் நான் சும்மா விட முடியவில்லை. காரணம், நானே ஒரு ஜூலை மதியம் முப்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு, தாகத்தில் ஒரு முழு மாஸ் ராட்லரைப் பத்து நிமிஷத்தில் காலி பண்ணினேன். எழுந்து நின்றபோது தலை கிறுகிறுத்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ரயில் நிலையம் போனேன்.

என்ன நடந்தது? 5% பீரில் பாதி, ஆக 2.5%. ஒரு லிட்டரில் 25 மி.லி. சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 20 கிராம். 65 கிலோ ஆண் ஒருவர் அதை மடமடவென்று குடித்தால் ரத்தத்தில் 100 மி.லி.க்கு அதிகபட்சம் 45 மில்லிகிராம் அளவுக்குப் போகலாம். ஜெர்மனியில் காருக்கான வரம்பு ஏறக்குறைய 50. நம்ம ஊரில் 30! "ஜூஸ் மாதிரிதானே, பைக் எடுக்கலாம்" என்று சொல்லும் நண்பர்களுக்காகத்தான் இந்தக் கணக்கைப் போட்டேன். இனிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்தால் பீரைவிட வேகமாகக் குடிப்போம், சிக்கல் அங்கேதான்.

சரி, வெயிலுக்கு இது நல்லதா? உடம்பில் நீரைத் தக்கவைக்கும் வாசோபிரசின் என்ற ஹார்மோனை ஆல்கஹால் அடக்குகிறது, அதனால் சிறுநீர் கூடும். ஷிரெஃப்ஸ், மாகன் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், வியர்க்க வைத்தவர்களுக்கு 0, 1, 2, 4 சதவீத ஆல்கஹால் உள்ள பானங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2% வரை பெரிய வித்தியாசம் இல்லை. 4%-இல் உடம்பு பழைய நிலைக்குத் திரும்புவது தாமதமானது. அதனால் நான் வைத்துக்கொண்ட குறி 2%.

இங்கே நம்ம ஊர்ப் பிரச்சினை வருகிறது. கடையில் கிடைப்பதில் பாதிக்கு மேல் 'ஸ்ட்ராங்'. 8% என்று லேபிளில் இருந்தால் பாதிக்குப் பாதி கலந்தாலும் 4%, சாதாரண பீரேதான்! அதுக்கு ஒரு பங்கு பீர், மூன்று பங்கு சோடா. 5% லேகர் என்றால் இரண்டு பங்கு பீர், மூன்று பங்கு சோடா.

மூன்று பங்கு சோடா ஊத்தினா தண்ணியா இருக்காதா என்று கேட்பீர்கள். சோடா வெறும் சோடாவா இருந்தா இருக்கும். ஒரு எலுமிச்சையின் சாறு, இரண்டு டீஸ்பூன் சர்க்கரைப் பாகு, ஒரு சிட்டிகை உப்பு. உப்பைச் சாற்றிலேயே கரைத்துவிட வேண்டும். பெட்டிக்கடையில் செய்கிற மாதிரி சோடாவில் நேரே போட்டால் ஒவ்வொரு உப்புக் கல்லும் குமிழிக்குப் பிறப்பிடமாகி, பொங்கி, காஸ் முழுக்கப் போய்விடும். பார்க்க அழகு, குடிக்க மொக்கை. பீரில் உப்பா என்று முகம் சுளிக்காதீர்கள். மெக்சிகோவின் மிச்செலாடா எலுமிச்சையும் உப்பும் போட்டதுதான்.

பீர், சோடா, குவளை மூன்றும் ஒரே குளிரில் இருக்கட்டும். சூடான திரவம் காஸைப் பிடித்து வைக்காது. ஐஸ் வேண்டாம், அதன் சொரசொரப்பும் குமிழியைக் கிளப்பும். முதலில் சாறு, பாகு, பிறகு சோடா, கடைசியாகச் சாய்த்த குவளையில் பீர். சோடா நுரை உடனே அடங்கிவிடும். பீர் நுரை மால்ட்டின் புரதத்தால் நிற்கும். பீரை முன்னாடி ஊத்தி அதன் மேல சோடாவை விட்டா மேஜையெல்லாம் நுரைதான். ஸ்பூன் போட்டுக் கலக்கவும் வேண்டாம்.

பன்னீர் சோடாவில் செய்து பார்த்தேன். ரோஜா வாசனையும் ஹாப்ஸ் கசப்பும் ஒத்துப்போகவில்லை, குளியல் சோப்பு ஞாபகம்தான் வந்தது. இஞ்சி சோடா அருமை. பழைய ஷாண்டிகாஃபுக்கு ரொம்பப் பக்கத்தில் வருது; அதில் பாகைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.