மதுரைக்குப் போனால் எங்கே சாப்பிடுவது?

மதுரைக்கு வேலையாக வரும் கிராமத்து ஆள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால், பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் ஊர் திரும்புவார். திங்கள்கிழமை என்றால் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். மற்ற நாட்களில் பெரியாஸ்பத்திரி, கோர்ட்டு, காலேஜ் அட்மிஷன், தேர்வாணையப் பரீட்சை என்று ஏதாவது ஒன்று இருக்கும். இந்த அலைச்சலில் பலரும் ஒரு டீயும் ஒரு பன்னுமாகப் பகலை ஓட்டிவிடுகிறார்கள். கையில் காசு குறைவு என்பது ஒரு காரணம். எந்தக் கடைக்குள் நுழைவது, எவ்வளவு பில் போடுவார்கள், கசங்கிய வேட்டியோடு போய் நடு மேசையில் உட்காரலாமா என்ற தயக்கம் இன்னொரு காரணம். பசியோடு வரிசையில் நின்று மயங்கி விழுகிறவர்களில் இந்தத் தயக்கத்தால் சாப்பிடாதவர்களும் உண்டு.

இந்தத் தயக்கம் பிறவியில் வந்தது அல்ல. ஊர் டீக்கடை கற்றுக்கொடுத்தது. ஒரு காலத்தில் தேங்காய்ச் சிரட்டை. பிறகு தனியாகத் தொங்கவிட்ட அலுமினிய டம்ளர், குடித்தவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். இப்போது பல இடங்களில் பேப்பர் கப். எல்லோருக்கும் பேப்பர் கப் வந்ததால் இரட்டைக் குவளை ஒழிந்துவிட்டது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடைகளில் சிலவற்றில் கண்ணாடி கிளாஸ் உள்ளே பத்திரமாக இருக்கிறது. யாருக்கு அது வெளியே வருகிறது என்று பார்த்தால் ஒழிந்ததா, ஒளிந்ததா என்று தெரிந்துவிடும்.

மதுரை ஓட்டலில் சர்வருக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. காலியான இடத்தில் உட்கார வைப்பார், இலையைப் போடுவார், தண்ணீர் தெளித்துத் துடைக்கச் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் யார், எதிரில் இருப்பவர் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நகரத்தில் சாதி இல்லை என்று சொல்ல வரவில்லை. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் அது தெரியும். ஆனால் சாப்பாட்டு மேசை வரைக்கும் நகரம் நமக்கு ஒரு வசதிதான். அந்த வசதியை ஏன் விட வேண்டும்?

அது சும்மா கிடைத்ததும் அல்ல. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எல்லோருக்கும் உரியது என்று சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தது 1924-ல். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8-ல் வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றவர்களில் மேலூர் பக்கம் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கனும் ஒருவர். 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு, கடை, உணவு விடுதி, ஓட்டல் ஆகியவற்றுக்குள் நுழைய சாதியைக் காரணமாகச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதி வைத்திருக்கிறது. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு தந்த சட்டத்தில் ஓட்டல் என்ற சொல் இடம்பெற்றது தற்செயல் அல்ல. சாப்பாட்டுக்கடை வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் எடை தெரியும். அதற்குப் பிறகும், 1957-ல், சென்னை திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கப் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. மதுரையில் இன்றும் சாதிப் பெயரைப் பலகையில் தாங்கிய கடைகள் இருக்கின்றன. உள்ளே எல்லோரும்தான் சாப்பிடுகிறோம். பலகையைப் பார்த்து யாரும் திரும்பிப் போக வேண்டியதில்லை. அந்தப் பெயர் எதற்கு என்ற கேள்வி மட்டும் நியாயமாகவே பாக்கி இருக்கிறது.

கோயிலை விட்டுத் தள்ளி

இனி வயிற்றுப்பாட்டுக்கு வருவோம். மதுரையின் தெரு அமைப்பே ஒரு விலைப்பட்டியல் மாதிரி. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அடுத்து ஆடி வீதிதானே என்று நினைக்க வேண்டாம். ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. சித்திரைக்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கு வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. கோயில் கோபுரம் தெரியும் தூரத்தில் உள்ள கடைகள் வெளியூர்ப் பயணிகளை நம்பி நடப்பவை. ஒருமுறை வந்தவர் மறுபடி வருவாரா என்ற கவலை அவர்களுக்குக் குறைவு. மாசி வீதிகளுக்கும் அதன் குறுக்குச் சந்துகளுக்கும் போனால் ஜவுளிக்கடைப் பையன்கள், சுமை தூக்குகிறவர்கள், பாத்திரக்கடைக் கணக்கர்கள் தினமும் சாப்பிடும் கடைகள் வரும். தினமும் வருகிறவனை ஏமாற்றினால் கடை நடக்காது. ஆகவே சாப்பிடும் ஆட்களைப் பாருங்கள். வேலை உடுப்போடு, அவசரமாக, தனித்தனியாக வந்து சாப்பிட்டுப் போகிறார்கள் என்றால் அங்கே விலையும் நியாயம், சோறும் சூடு. சிம்மக்கல், யானைக்கல், கீழவாசல் பக்கமும் இப்படித்தான். மாட்டுத்தாவணியில் இறங்குகிறவர்களுக்குக் காய்கறி மார்க்கெட்டை ஒட்டிய கடைகள் உண்டு. அங்கே விடியும் முன்பே அடுப்பு எரியும்.

காலைக்கு இட்லிதான் நம்பிக்கை. மதுரையில் இட்லி நன்றாக இருப்பதற்குக் கடை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. துணி விரித்து அவிக்கும் தள்ளுவண்டியில், கண் முன்னால் தட்டு இறங்குகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். எண்ணிக்கைக்குக் காசு, சட்னிக்குக் கணக்கில்லை. பூரி, பொங்கல் என்று போகும்போதுதான் பில் ஏறும்.

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு

கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வருகிறவர்கள் நிலை வேறு. நோயாளிக்கு உள்ளே சாப்பாடு கிடைக்கும். கூட இருப்பவர் பத்து நாள், பதினைந்து நாள் வெளியே சாப்பிட வேண்டும். பெரும்பாலும் அது ஒரு தாய் அல்லது மனைவி. அவர் இரண்டு வேளையை ஒரு வேளையாக்கி மிச்சம் பிடிப்பார், அடுத்த படுக்கையில் விழுவார். அம்மா உணவகம் இவர்களுக்காகவே ஏற்பட்டது போல. 2013-ல் சென்னையில் தொடங்கி அதே ஆண்டில் மதுரை உள்ளிட்ட மாநகராட்சிகளுக்கு வந்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். சமைப்பதும் பரிமாறுவதும் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். மதியம் தாமதமாகப் போனால் தீர்ந்துவிடும், 12 மணிக்கே போய்விடுவது நல்லது. ருசியைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் உண்டு. 10 ரூபாய்க்குள் ஒரு மனுசி நிமிர்ந்து உட்கார்ந்து வயிறு நிறைய வேறு இடம் இருந்தால் அவர்கள் காட்டட்டும்.

மதியச் சாப்பாட்டில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சைவக் கடையில் 'அளவுச் சாப்பாடு', 'முழுச் சாப்பாடு' என்று இரண்டு எழுதியிருப்பார்கள். வயலில் வேலை செய்து பழகிய ஆளுக்கு அளவுச் சாப்பாடு பத்தாது, மேற்கொண்டு சோறு வாங்கினால் முழுச் சாப்பாட்டின் விலையைத் தாண்டிவிடும். ஆரம்பத்திலேயே முழுச் சாப்பாட்டுக்கு டோக்கன் வாங்குவதுதான் கணக்கு. இரண்டு பேர் ஒரு இலையில் சாப்பிட விடமாட்டார்கள். ஆனால் பார்சல் சாப்பாடு வாங்கினால் பல கடைகளில் இரண்டு பேருக்கு ஆகும் அளவுக்குச் சோறு கட்டுவார்கள். ஆஸ்பத்திரிப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கறிக்கடை மெஸ் என்றால் தட்டைக் கவனியுங்கள். இலை போட்டதும் சர்வர் ஒரு பெரிய தட்டில் சுக்கா, ஈரல், மீன் வறுவல், நண்டு, குடல் என்று கிண்ணம் கிண்ணமாக அடுக்கிக் கொண்டுவந்து நீட்டுவார். வாசனைக்கு மயங்கிக் கை நீட்டிய பிறகு விலை கேட்க வெட்கப்படுகிறோம். சாப்பாட்டின் விலை பலகையில் இருக்கும், பில்லைத் தூக்கிவிடுவது இந்தக் கிண்ணங்கள்தான். தொடும் முன் விலை கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. காரில் வருகிறவரும் கேட்கிறார். ஒன்றும் வேண்டாம் என்றாலும் சாப்பாட்டோடு கறிக்குழம்பும் மீன் குழம்பும் ரசமும் ஊற்றத்தான் செய்வார்கள். நல்ல குழம்பு இருந்தால் தொட்டுக்கொள்ள ஒரு ஆம்லெட் போதும். ஊர் ஊராகப் பேர் போன மெஸ்களைத் தேடிப் போவது ஒரு நாள் ஆசைக்குச் சரி, அலைச்சல் நாளுக்கு வேண்டாம். முனியாண்டி விலாஸ் பலகை கண்ணில் பட்டால் தைரியமாகப் போகலாம். திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டி முனியாண்டி சாமியின் பெயர் அது. அந்தப் பெயரில் கடை வைத்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கோயிலில் கூடி, பிரியாணி ஆக்கி வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள்.

நம்மில் பலருக்கு வீட்டில் பழகிய மாட்டுக்கறி பெரிய ஓட்டல்களின் பட்டியலில் இருப்பதில்லை. சிறிய கடைகளிலும் மாலை நேரத் தள்ளுவண்டிகளிலும் இருக்கும், பலகையில் 'பீஃப்' என்று எழுதியிருப்பார்கள். மாடு என்று தமிழில் எழுதக் கூச்சம், இங்கிலீஷில் எழுதினால் கௌரவம். ஆட்டுக்கறி பிரியாணியைவிட விலை வெகுவாகக் குறைவு, பசிக்கும் தாங்கும். குரலைத் தாழ்த்தாமல் கேட்டு வாங்கலாம்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று. புது நத்தம் ரோட்டில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் நிறையப் பேர். தினசரி ஓட்டலில் சாப்பிட்டால் மாதக் கடைசியில் படிப்பை நிறுத்த வேண்டியதாகிவிடும். கல்லூரிகளையும் நூலகத்தையும் சுற்றியுள்ள தெருக்களில் வீட்டிலேயே சமைத்துப் போடும் மெஸ்கள் இருக்கின்றன. நாலு பேர் சேர்ந்து போய் மாதக் கணக்குப் பேசினால் விலை குறையும். சேரும் முன் இரண்டு நாள் காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். விடுமுறை நாளுக்குக் கழிவு உண்டா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

யாராவது தடுத்தால்

நகரத்தில் அரிது, நகரத்தை விட்டு வெளியே ரோட்டோரக் கடைகளில் இன்னும் நடக்கிறது. உள்ளே வராதே என்பதும், தனி டம்ளர் தருவதும் குற்றம். 1955-ல் வந்த சட்டத்தில், இப்போது குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர், 4-வது பிரிவு ஓட்டலுக்குள் நுழைவதையும் அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் உரிமையாகச் சொல்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இன்னும் கடுமை. பொதுமக்களுக்கான பாத்திரத்தைப் பயன்படுத்தத் தடுத்தாலே 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. கடையின் பெயர், நேரம், கூட இருந்தவர்கள் பெயர் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். 14566 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் புகார் சொல்லலாம். தனியாகச் சண்டைக்கு நிற்க வேண்டாம், ஊர் ஆட்களோடு போய்க் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள்.

வேலை முடிந்து இருட்டிவிட்டால் கவலை இல்லை, மதுரை இரவில்தான் நன்றாகச் சாப்பிடும். பரோட்டாவுக்குச் சால்னா தனிக் காசு கிடையாது, கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். இரண்டு பரோட்டா ஒரு ஆளுக்குப் போதும். கறி தோசையும் முட்டை கொத்தும் விலை கூடியவை, பிள்ளைகள் கூட வந்தால் ஒன்றை வாங்கிப் பங்கிடலாம். ஜிகர்தண்டாவில் 'சாதா' என்று கேளுங்கள். 'ஸ்பெஷல்' என்பதில் ஐஸ்கிரீம்தான் கூடுதல். குளிர் காலமாக இருந்தால் அந்தக் காசில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடிக்கலாம், கருப்பட்டியும் சுக்கும் சேர்ந்தது, பாதி வயிறு நிறைந்துவிடும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பஸ் நிலையத்துக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். அங்கே விலை கூடுதல், இலையில் உட்காரும் நேரம் பார்த்துக் கடைசி பஸ்ஸும் கிளம்பிவிடும்.